கல்லும் கொடியும்: சேர்வராயன் மலையின் எல்லைக் கதை

மிளகுக்கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் நட வேண்டும். தெற்கு வெயில் இளங்கொடியைக் கருக்கிவிடும் என்பதால் வேளாண் துறை சொல்லும் முறையும் இதுதான், மலைத் தோட்டக்காரர்களின் அனுபவமும் இதுதான். மரத்தடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் குழி எடுத்து, மழை பிடிக்கும் சமயத்தில் வேர்விட்ட தண்டுகளை ஊன்றி, மேலேறும் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் மூன்றாம் ஆண்டில் சரம் பிடிக்கும். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டிலும் அதை அடுத்த தலைச்சோலையிலும் நாகலூரிலும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் இப்படித்தான் மிளகு ஏறி நிற்கிறது. சிக்கல் ஓரிடத்தில்தான் வரும். மரம் தோட்டத்தின் வட எல்லையில் நின்றால், அதன் வடக்குப் பக்கம் அடுத்தவர் மண்.

கொடியை நட்டவர் ஒருவர், வேர் இறங்கியிருப்பது இன்னொருவர் நிலத்தில். முதல் மூன்று வருடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்து, அறுவடைக்கு ஏணி சாத்தும் நாளில் பேச்சு தொடங்கும். இது மிளகு விலையால் மட்டும் வந்த தகராறு அல்ல. இந்த மலையில் எல்லை என்பது எப்படி வந்தது, அதை யார் எதைக் கொண்டு குறித்தார்கள் என்ற நீண்ட கதையின் கடைசி அத்தியாயம் அது.

சமவெளித் தமிழர்கள் எல்லை குறித்த முறை செப்பேடுகளில் விரிவாகவே பதிவாகியிருக்கிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகப் போனது. பெண் யானை ஒன்றை ஊர் எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அதன் பின்னால் அதிகாரிகளும் ஊராரும் நடந்து, அது போன வழி நெடுகக் கல்லும் கள்ளியும் நட்டார்கள். லெய்டன் செப்பேடு என்று உலகம் அறிந்த ஆனைமங்கலச் செப்பேட்டில் இந்தச் சடங்கு இருக்கிறது. வேறு பல சோழர் கொடைகளிலும் இருக்கிறது.

கல்லோடு கள்ளியை ஏன் சேர்த்தார்கள்? ஒரு கல்லை ஒரே இரவில் பெயர்த்து நாலடி தள்ளி நட்டுவிடலாம். நூறு அடி நீளத்துக்கு வளர்ந்து நிற்கும் கள்ளி வரிசையை அப்படிச் சத்தமில்லாமல் நகர்த்த முடியாது. கள்ளியை ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒடித்துப் போட்டாலும் முளைக்கும். செடி அழிந்தால் கல் சாட்சி, கல் போனால் செடி சாட்சி. இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் அயல்வீட்டுத் தகராறை நன்றாக அறிந்தவர்கள்.

கள்ளி நின்ற இடத்துக்குக் கொடிகள் தாமாகவே வந்தன. கோவைப் பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டு வந்து போட்டது. வேலிப்பருத்தியின் விதை பட்டு மயிரோடு காற்றில் பறந்து வந்தது. பிரண்டை ஒரு கணு விழுந்தாலே வேர் விட்டது. முடக்கத்தானும் தூதுவளையும் சீந்திலும் கிளுவை வேலியிலும் இலந்தை முள்ளிலும் ஏறிக்கொண்டன. யாரும் நடவில்லை என்பதால் யாரும் உரிமை கேட்கவில்லை. கோவை இலையை இந்த வீட்டார் பறித்தார்கள், முடக்கத்தானை அந்த வீட்டார் தோசைக்கு அரைத்தார்கள். நிலம் இரண்டாகப் பிரிந்திருந்தாலும் அதன் நடுவில் ஓடிய அந்த ஓரடி அகலப் பச்சை இருவருக்கும் பொதுவாக இருந்தது. விலை போகும் கொடியை ஒருவர் வேண்டுமென்றே எல்லையில் நட்டபோதுதான் அந்தப் பொதுமை உடைந்தது.

சேர்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்கே நெடுங்காலமாக வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் வாய்மொழிக் கதையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் உண்டு. பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக அந்தக் கதை சொல்லும். சேர்வராயன் மலையைச் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாக அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். சரிவில் கொத்துக்காடு திருத்திச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, சில ஆண்டில் அதைத் தரிசாக விட்டு அடுத்த சரிவுக்குப் போகிற வேளாண்மையில் நிரந்தர வேலிக்கு வேலையே இல்லை. நாட்டுக்கு எல்லை உண்டு, ஊருக்கு உண்டு. ஒரு பாத்தியை இன்னொரு பாத்தியிலிருந்து பிரிக்கும் கோடு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

அந்தத் தேவையைக் கொண்டு வந்தது காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பிக் கன்றுகளை நட்டார். பேரி முதலான பழமரங்களைக் கொண்டு வந்ததும் அவர்தான் என்பார்கள். கிரேஞ்ச் எஸ்டேட்டோடு அவர் பெயர் இன்றும் சேர்ந்தே பேசப்படுகிறது. காப்பிச் செடி நட்ட இடத்தை விட்டு நகராத பயிர். காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டு, பிறகு பல பத்தாண்டுகள் பலன். அதில் பணத்தைப் போடுகிறவருக்கு ஏக்கர் கணக்கு வேண்டும், பத்திரம் வேண்டும், பத்திரத்தில் நான்கு எல்லை வேண்டும். அடுத்த சில பத்தாண்டுகளில் மலை எஸ்டேட்டுகளாக வெட்டுப்பட்டது. கொத்துக்காட்டுக்காரர் தரிசாக விட்டுவைத்த நிலம், கணக்குப் புத்தகத்தின் பார்வையில் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகத் தெரிந்தது. சேர்வராயனின் முதல் எல்லைத் தகராறு இரண்டு அயல்வீட்டாருக்கு இடையே நடந்ததல்ல, நிலத்தைப் பார்க்கும் இரண்டு பார்வைகளுக்கு இடையே நடந்தது. அதில் தோற்றவர்கள் யார் என்பதில் ஐயமில்லை.

சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை 1858இல் தொடங்கியது. எல்லைக் குறிகளுக்கான சட்டம் 1860இல் வந்தது. 1897இல் ஒரு முறை மாற்றி எழுதி, கடைசியில் 1923ஆம் ஆண்டின் 8ஆம் சட்டமாக அது நிலைத்தது. தமிழ்நாட்டில் இன்றும் சர்வேயர் கல் ஊன்றுவது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அளக்கும் கருவி 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆங்கிலக் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர் 1620இல் வகுத்த சங்கிலி, இரண்டு நூற்றாண்டு கழித்து தமிழ்நாட்டு மேட்டிலும் பள்ளத்திலும் இழுபட்டது.

மலையில் அந்தச் சங்கிலி ஒரு குழப்பத்தையும் உடன் கொண்டு வந்தது. இன்றைய ஏற்காட்டுத் தகராறுகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நில அளவையில் பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. சரிவில் அளக்கும்போது சங்கிலியைத் தரையோடு இழுக்கக் கூடாது. படிப்படியாகக் கிடைமட்டத்தில் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இறங்க வேண்டும். சரிவு 30 பாகை இருந்தால், தரையோடு இழுத்த 66 அடி கிடைமட்டத்தில் சுமார் 57 அடிதான். மேல்கல்லிலிருந்து டேப்பைத் தரையோடு விட்டுத் தம் 66 அடியை அளந்துகொள்ளும் வீட்டுக்காரர், உண்மையான எல்லைக்கு ஒன்பது அடி முன்னாலேயே நின்றுவிடுவார். கீழ்வீட்டுக்காரரும் தம் கீழ்க்கல்லிலிருந்து அதே மாதிரி மேல்நோக்கி அளந்தால் அவரும் தம் எல்லைக்கு முன்னாலேயே நிற்பார். நடுவில் இருவர் கணக்கிலும் சேராத ஒரு பட்டை மண் மிஞ்சும். கீழ்வீட்டுக்காரர் சரியாகக் கிடைமட்டமாக அளந்திருந்தாலோ, மேல்வீட்டுக்காரர் விட்டுவைத்த பட்டை ‘கேட்பாரில்லாத’ மண்ணாகக் கண்ணில் படும். ஆவணத்தில் ஓர் ஏக்கர் என்று எழுதிய இப்படிப்பட்ட சரிவு, கால்வைத்து நடக்கிறவருக்கு ஏறக்குறைய 1.15 ஏக்கர். இருவரும் நேர்மையானவர்களாகவே இருந்து, இருவர் டேப்பும் சரியாகவே இருந்து, சண்டை மூளும் இடம் இது.

அந்தப் பட்டையில்தான் முதல் கொடி நடப்படுகிறது.

கற்களும் மலையில் நிம்மதியாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் அரித்து இறங்கினால் மேல்தோட்டத்துக் கல் சாய்கிறது, கீழ்த்தோட்டத்துக் கல் புதைகிறது. கானோடை திசை மாறுகிறது. பாதை போடும்போது யாரோ ஒரு கல்லைப் பெயர்த்துச் சுவருக்கு வைத்துவிடுகிறார்கள். அரசு ஊழியர் நட்ட எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் 2024 வரை நடப்பில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, 434ஆம் பிரிவில், ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. ஆனால் கல்லை நகர்த்தியது மழையா மனிதரா என்று பத்து ஆண்டு கழித்து யார் நிரூபிப்பது? கல்லோடு நட்ட கள்ளி இருந்திருந்தால் அதுவாவது பேசியிருக்கும். நில அளவைத் துறை கல்லை மட்டும் வைத்துக்கொண்டு செடியைக் கைவிட்டது. மக்கள் செடியை விடவில்லை. முன்பு ஊர் கூடி நட்டதை இப்போது அவரவர் தனித்தனியே, தமக்குச் சாதகமான இடத்தில் நட்டார்கள்.

வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் ஓய்வுபெற்று மலையேறியவர்களும் தங்கள் ஊர்ச் செடிகளைக் கொண்டு வந்தார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த வீட்டின் பெயர் ‘ஐவி காட்டேஜ்’. ஐவி இங்கிலாந்தின் சுவர்களையும் வேலிகளையும் மூடும் கொடி. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர், 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். பெர்சிவல் முன்பு பல்லாண்டுகள் பணியாற்றியது யாழ்ப்பாணத்தில். வேலிக்குப் பேர்போன ஊர் அது. கிடுகும் பனையோலையும் வைத்து அடைத்த வேலி, கதியாலாக (உயிருள்ள வேலிக்கம்பாக) ஊன்றிய கிளுவையும் முள்முருக்கும், வேலியை மறு அடைப்பு அடைக்கும்போது கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று மூளும் வழக்கு எல்லாம் அந்த மண்ணின் அன்றாடம். டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் பதியச் செய்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம், அயலவர் நிலத்துக்கு மேல் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்ற கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. முந்நூறு ஆண்டுக்கு முன்பே அதைச் சட்டமாக எழுதிவைக்கும் அளவுக்கு அது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

வெளியிலிருந்து வந்த செடிகளில் ஒன்று எல்லா எல்லைகளையும் தின்றது. உன்னிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த இந்த அமெரிக்கச் செடியை, பூ அழகாக இருக்கிறது, ஆடு மாடு தொடாது என்று வேலிக்கு நட்டார்கள். பழத்தைப் பறவை தின்றது, விதை காட்டுக்குள் போனது. தனியாக நின்றால் புதர், அருகில் மரம் கிடைத்தால் கொடியாக ஏறும். வேலிக்கு என்று கொண்டுவந்த செடி இன்று தமிழ்நாட்டு மலைக்காடுகளின் அடித்தளத்தையே மூடியிருக்கிறது. அயல்வீட்டுத் தோட்டத்தை மறைக்கச் சீக்கிரம் வளரும் கொடி எது என்று நர்சரியில் கேட்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

வேலியில் கொடியை ஏற்றுவது தோட்டக்காரர் வழக்கம் மட்டுமல்ல, அரசாங்கமும் செய்தது. உப்பு வரி ஏய்ப்பைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே ஆங்கிலேயர் வளர்த்த சுங்க வேலி, 1860களின் கடைசியில் ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் மேற்பார்வையில் அடர்ந்தது. கருவேலம், இலந்தை, களா, கள்ளி ஆகியவற்றுக்கு இடையே ஓட்டை விழாமல் பின்னுவதற்காக அவர்கள் விட்டது கழற்சிக்கொடி. நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கழற்சிக்காயின் கொடிதான். 1879இல் அந்த எல்லை கைவிடப்பட்டது. பராமரிக்க ஆள் இல்லாத வேலி சில பத்தாண்டுகளில் தடம் தெரியாமல் போயிற்று.

கொடி எல்லை தாண்டினால் சட்டம் என்ன சொல்கிறது? 1882இல் இந்திய வசதியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது அது முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகள் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவைதான். வழி, தண்ணீர், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் நீண்டகால அனுபவத்தால் உரிமை வரலாம் என்று அது ஏற்றது. ஆனால் கிளையையும் கொடியையும் அடுத்தவர் தலைக்கு மேல் நீட்டி வைத்திருக்கும் உரிமை எத்தனை ஆண்டு ஆனாலும் வராது என்பதே நீதிமன்றங்களின் நிலை. இங்கிலாந்தில் லெம்மன் என்பவரின் பழைய மரங்கள் வெப் என்பவரின் நிலத்தின் மேல் நீண்டிருந்தன. வெப் அறிவிப்புக் கொடுக்காமலே, தன் நிலத்தில் நின்றபடி வெட்டினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1894இல் லெம்மன் தோற்றார். பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களும் அதே வழியில் தீர்ப்பளித்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1919இல் இங்கிலாந்தில் மில்ஸ், புரூக்கர் என்ற இருவருக்கு இடையே நடந்த வழக்கில், தன் பக்கம் நீண்ட அடுத்தவர் ஆப்பிள் கிளைகளை வெட்டியவர் அந்தப் பழங்களை விற்றுக் காசாக்கினார். வெட்டலாம், விற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழம் மரத்துக்காரருக்கே. இந்த நியாயத்தை மிளகுக்குப் பொருத்தினால், எல்லை தாண்டி வந்த கொடியை வெட்டி ஒதுக்க அயல்தோட்டக்காரருக்கு உரிமை உண்டு, சரத்தை உதிர்த்து மூட்டை கட்ட உரிமை இல்லை. வேர் எல்லைக்கு அப்பால் இருந்தாலோ கதையே தலைகீழ். அதனால்தான் விவரம் தெரிந்த தோட்டக்காரர்கள் கொடி ஏற்றும் மரத்தையே எல்லையிலிருந்து ஆறேழு அடி உள்ளே தள்ளி வைக்கிறார்கள். வடக்குப் பக்கம் நட்டாலும் குழி தம் மண்ணிலேயே விழும்.

கொடி நடுகிறவர்களிடம் ஊன்றிப்போன ஒரு நம்பிக்கை, பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் இடம் சொந்தமாகிவிடும் என்பது. 1963ஆம் ஆண்டின் வரம்புச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு உண்மையில் உண்டு. அரசு நிலத்துக்கு அது முப்பது ஆண்டு. ஆனால் நீதிமன்றம் கேட்பது வெறும் அனுபவத்தை அல்ல. உரிமையாளருக்குத் தெரியும்படி, அவருக்கு எதிராக, இடைவெளி இல்லாமல் வைத்திருந்த சுவாதீனத்தைக் கேட்கிறது. வேலியில் படர்ந்த மல்லிகையோ காகிதப்பூவோ அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. புறம்போக்கு விஷயத்தில் வருவாய்த் துறை இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பி-மெமோ என்ற அறிவிப்பு வரும். அதே துறை, புறம்போக்கில் நிற்கும் மரங்களின் பலனை மட்டும் அனுபவிக்க 2சி பட்டா என்ற மரப்பட்டாவும் தருகிறது. மண் அரசுடையது, பலன் பட்டாக்காரருடையது. மண்ணையும் பலனையும் பிரித்துப் பார்க்கும் இந்த அருமையான ஏற்பாடு இரண்டு தனியார் தோட்டங்களுக்கு இடையே ஏன் ஒரு சாதாரண ஒப்பந்தமாகக்கூட எழுதப்படுவதில்லை என்று வருத்தமாக இருக்கிறது. எல்லை மரத்து மிளகை ஆளுக்குப் பாதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் தாலுகா அலுவலகப் படி ஏறுவது எவ்வளவோ குறையும்.

2010களின் நடுவில் மிளகு கிலோ 600 ரூபாயைத் தாண்டியபோது, அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத எல்லையோரச் சில்வர் ஓக்குகளுக்கும் மதிப்பு வந்தது. இன்னொரு பக்கம் எஸ்டேட்டுகளின் ஓரங்கள் சென்ட் கணக்கில் மனைகளாகின்றன. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து வீடு கட்டுகிறவருக்கு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகல் என்றால் என்னவென்று தெரிந்திருப்பதில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்கள் திருத்தி எழுதப்பட்டபோது நுழைந்த பிழைகளுக்காக மாநிலம் முழுக்க மக்கள் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனையை வாங்கியவர் முதலில் செய்வது பெரும்பாலும் கம்பிவேலி, அதன் மேல் சீக்கிரம் மூடும் கொடி. சரியான வரிசை இதற்கு நேர்மாறு: புலப்பட நகலை வாங்குவது, தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு செய்வது, இரு தரப்பும் நிற்கும்போது சர்வேயர் அத்து காட்டிக் கல் ஊன்றுவது, அதன் பிறகு செடி. சர்வே அதிகாரியின் முடிவில் குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யவும், அறிவிக்கை வெளியான மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகவும் 1923ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

அளவை நடக்கும் வரை அந்த ஓரத்தை வெறுமனே விட மனம் வராதவர்களுக்குப் பொருத்தமானவை ஒரு பருவக் கொடிகள். ஆடியில் ஊன்றிய அவரை பனிக்காலத்தில் பூத்துக் காய்த்து, மாசி, பங்குனியில் ஓய்ந்துவிடும். பீர்க்கும் பாகலும் அதற்கும் முன்னால் முடிந்துவிடும். எந்த ஆண்டும் யாரும் அவற்றைக் காட்டி இடம் என்னுடையது என்று சொல்ல முடியாது, வேலியின் இரு பக்கமும் தொங்கும் காயைப் பறிக்க யாரும் வழக்குப் போட்டதில்லை. மலைவீடுகளின் வேலியில் ஏறும் சௌசௌ அப்படிப்பட்டதல்ல. முழுக்காயையே ஊன்றி வளர்க்கும் அந்த மெக்சிகோக் கொடியின் வேர்க்கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி ஆண்டுதோறும் தளிர்க்கும், கொடி வேலியையும் பக்கத்துக் கொட்டகையையும் தாண்டிப் போகும். அதை எல்லையில் நடுகிறவர் முன்கூட்டியே அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காய்க்கத் தொடங்கினால் இரண்டு வீட்டுக்கும் போக மிஞ்சும்.